ரசிகர் வழக்கும் தீர்ப்பும்

பட்டிமன்றம் நமக்குப் பழகிய கலை. இரண்டு அணிகள், ஒரு நடுவர், முடிவில் ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பும் பெரும்பாலும் இரு பக்கத்தார் மனமும் நோகாதபடி அமைந்துவிடும். கூட்டம் கைதட்டிக் கலைந்துவிடும். நடுவரே இல்லாத பட்டிமன்றம் ஒன்றும் உலகில் உண்டு. ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஆனாலும் அது முடிவதில்லை. தந்தை விட்ட இடத்திலிருந்து மகன் தொடர்கிறான். விளையாட்டு ரசிகர்களின் வழக்கைத்தான் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கனடாவின் டொரான்டோ நகரில், என் தம்பி மகனின் இல்லத்தில் ஒரு குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. வெளியே பனி, உள்ளே அவனுக்கும் அவன் மைத்துனனுக்கும் ஓயாத வாக்குவாதம். ஒரு நாள் ஐஸ் ஹாக்கி, மறுநாள் அமெரிக்க ஃபுட்பால். சாட்சி சொல்ல அடிக்கடி என்னை இழுப்பார்கள். "பெரியப்பா, நீங்களே சொல்லுங்க. இருந்தது ஒரே ஒரு கெஜம். ஓடிப் போய் விழ வேண்டியதுதானே?" என்று கேட்டான் அவன். அந்த ஆட்டத்தின் அரிச்சுவடிகூட எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள முற்பட்டபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. நூல்களை வைத்துக்கொண்டு நாம் செய்யும் திறனாய்வைத்தான் இவர்கள் ஆட்டங்களை வைத்துக்கொண்டு செய்கிறார்கள். நாம் இடறும் இடங்களிலேயே அவர்களும் இடறுகிறார்கள். ஆகவே அவர்களுடைய வழக்கைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது தகாத செயலாகாது என்று கருதுகிறேன்.

முதலில் அந்த ஒரு கெஜம்.

அமெரிக்கர் ஃபுட்பால் என்று அழைக்கும் ஆட்டத்தில் காலுக்கு வேலை மிகக் குறைவு. பந்தைக் கையில் ஏந்தி ஓட வேண்டும். அல்லது முன்னால் ஓடும் தோழனுக்கு எறிய வேண்டும். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். ஒவ்வொரு முயற்சியும் நின்று, கூடி, திட்டமிட்டு, அதன் பின்னரே தொடங்குகிறது. நம் ஊர்க் கால்பந்தைப் போல இடைவிடாது ஓடும் ஆட்டம் அன்று அது. எனவே ஒவ்வொரு முயற்சிக்கும் பின்னால் பயிற்சியாளரின் ஒரு முடிவு இருக்கிறது. முடிவு இருக்கும் இடத்தில் வழக்கும் இருக்கும்.

2015 பிப்ரவரி 1 அன்று அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேல் நகரில் 49ஆம் சூப்பர் பவுல் இறுதி ஆட்டம் நடந்தது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி 28 புள்ளிகள். சியாட்டில் சீஹாக்ஸ் அணி 24. ஆட்டம் முடிய 26 விநாடிகள். சியாட்டிலின் கையில் பந்து. எல்லைக் கோடு ஒரு கெஜத் தொலைவில். மூன்று முயற்சிகள் எஞ்சியிருந்தன. அணியில் மார்ஷான் லிஞ்ச் என்ற ஓட்டக்காரர் இருந்தார். நான்கைந்து பேர் பிடித்து இழுத்தாலும் அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடக்கூடியவர். அவர் கையில் பந்தைக் கொடுப்பார்கள் என்று உலகமே எதிர்பார்த்தது. பயிற்சியாளர் பீட் கேரல் பந்தை எறியச் செய்தார். ரஸல் வில்சன் எறிந்தார். பேட்ரியட்ஸ் அணியின் புதுமுக வீரர் மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பந்தைப் பறித்தார். ஆட்டம் அங்கேயே முடிந்தது.

அன்றிரவே தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. ஆட்ட வரலாற்றிலேயே மிக மோசமான முடிவு இதுதான் என்றார்கள். என் தம்பி மகனும் அந்தக் கட்சியே. மைத்துனனோ கணக்குக் கட்சி. அவன் எனக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டிய கணக்கு இது. பந்தோடு ஓடியவன் களத்துக்குள் விழுத்தப்பட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எறிந்த பந்து யார் கையிலும் சேராமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். ஆட்டத்தை நிறுத்தக் கேட்கும் உரிமை சியாட்டிலுக்கு ஒரே ஒரு முறைதான் மீதியிருந்தது. ஓடித் தோற்றால் அந்த உரிமையைச் செலவழிக்க வேண்டும். மறுபடி ஓடித் தோற்றால் நேரம் தீர்ந்துவிடும். ஆக, மூன்று முயற்சிகளையும் பயன்படுத்த வேண்டுமானால் அவற்றுள் ஒன்றாவது எறிதலாக இருந்தாக வேண்டும். அந்தப் பருவத்தில் ஒரு கெஜத் தொலைவிலிருந்து லிஞ்ச் ஐந்து முறை ஓடி ஒரே முறைதான் கோட்டைக் கடந்திருந்தார். அதே தொலைவிலிருந்து எல்லா அணிகளும் எறிந்த நூற்றுக்கும் மேற்பட்ட எறிதல்களில் ஒன்றுகூட எதிரணியால் பறிக்கப்பட்டதில்லை. முன்பின் பாராமல் எடுத்த முடிவு என்று இதை எப்படிச் சொல்வது?

கணக்கைப் பார்த்த பின் நானும் மைத்துனன் பக்கம் சாய்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எறிவது என்ற முடிவு தவறன்று. நெரிசலான நடுப்பகுதிக்கு எறிந்ததே ஐயத்துக்கு உரியது. பின்னாளில் இந்த ஒரு முயற்சியையே தம் நூலின் தொடக்கமாக வைத்து ஆனி டியூக் என்பவர் எழுதினார். சீட்டாட்டத்தைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். அதற்கு முன் உளவியல் பயின்றவர். 2018இல் வெளிவந்த 'திங்கிங் இன் பெட்ஸ்' என்னும் அந்நூலில், விளைவை வைத்து முடிவை எடைபோடும் பழக்கத்தை அவர் கடிந்துகொள்கிறார். நல்ல முடிவு தீய விளைவைத் தரலாம், கெட்ட முடிவும் வெற்றியில் முடியலாம், இரண்டையும் குழப்பாதீர் என்பதே சாரம். சாரம் சரியானதே. தேர்வில் தோற்ற பிள்ளையையும், கடையில் நட்டப்பட்ட தம்பியையும், விவசாயத்தில் மழை ஏமாற்றிய அண்டைவீட்டுக்காரரையும் நாம் நடத்துகிற விதத்தை நினைத்துப் பார்க்கும் எவரும் அதை மறுக்க மாட்டார்.

ஆனால் நூலை மூடிய பின் ஒரு குறை நெஞ்சில் நின்றது. மால்கம் பட்லர் எங்கே?

பட்லரை எந்த அணியும் ஆண்டுத் தேர்வில் எடுக்கவில்லை. விரைவுணவுக் கடையில் வேலை பார்த்தவர். தேர்வில் எடுபடாதோர் வரிசையில் நின்று அணிக்குள் நுழைந்தவர். அந்த வாரப் பயிற்சியில் இதே திட்டத்தை அவருக்கு எதிராக ஆடிக் காட்டியபோது அவர் தோற்றுப்போனார். களத்தில் எதிரணியினர் நின்ற அமைப்பைக் கண்டதும், இது அதுவே என்று உணர்ந்து, பந்து கையை விட்டு நீங்கும் வேளையிலேயே பாய்ந்தார். ரசிகர்களோ கேரல் செய்த பிழையைப் பேசினார்கள். கணக்காளர்கள் கேரலுக்கு நேர்ந்த துரதிருஷ்டத்தைப் பேசினார்கள். இரு தரப்பாரும் தோற்றவனைப் பற்றியே பேசினார்கள். அன்று அங்கே ஒருவன் கற்றதை மறவாமல் செய்தான் என்பது இரு கட்சியின் வழக்கிலும் ஏறவில்லை. பிழை என்றோ விதி என்றோ ஒரு பெயர் சூட்டிவிட்டால் எதிரில் நின்றவனின் திறமை மறைந்துவிடுகிறது. நம் நூல் மதிப்புரைகளில்கூட இது நடக்கிறது. குறையைத் தேடும் கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பவனின் நிறை தெரிவதில்லை.

இந்த ஆட்டத்தின் பேச்சுவழக்கில் கத்தோலிக்கரான நமக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. நேரம் தீர்ந்துபோகும் வேளையில், வேறு வழியின்றி, முன்னே ஓடும் தோழர்களை நம்பிப் பந்தைத் தொலைதூரம் எறிவதற்கு 'ஹெய்ல் மேரி' என்று பெயர். நாம் நாள்தோறும் சொல்லும் மங்கள வார்த்தை செபமேதான். நோட்ர டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பழைய ஆட்டக்காரர்களிடையே இச்சொல் முன்பே வழங்கியது. நாடறியச் செய்தவர் டல்லஸ் கௌபாய்ஸ் அணியின் ரோஜர் ஸ்டாபாக். 1975 டிசம்பர் 28 அன்று மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில், ட்ரூ பியர்சனை நோக்கி அவர் எறிந்த நீண்ட எறிதல் வெற்றியைத் தந்தது. கண்களை மூடி ஒரு மங்கள வார்த்தை சொன்னதாக ஆட்டத்துக்குப் பின் கூறினார். அவர் கத்தோலிக்கர். அதன் பின் அந்தப் பெயர் களத்தை விட்டு அரசியலிலும் வாணிபத்திலும்கூடப் புகுந்துவிட்டது.

செபத்தின் பெயரை ஆட்டத்துக்குச் சூட்டுவது முறையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. செய்தவர் உண்மையாகவே செபித்தார். நான் கவனித்தது வேறொன்று. இந்த எறிதல் தவறினால் எந்த ரசிகரும் எவரையும் ஏசுவதில்லை. பத்தில் ஒன்பது முறை தவறும் என்பது எல்லோருக்கும் தெரியும். எண்ணித் துணிந்து எறியச் சொன்ன கேரலை ஆண்டுக்கணக்கில் வாட்டியவர்கள், எண்ணவே இடமில்லாத நிலையில் எறிபவனை மன்னித்துவிடுகிறார்கள். அப்படியானால் அவர்கள் எடைபோடுவது ஆட்டக்காரனின் அறிவையா, அல்லது தாம் வைத்த எதிர்பார்ப்பையா? வெற்றி உள்ளங்கையில் வந்துவிட்டது என்று நம்பிய மனம் பட்ட காயத்துக்கு அவர்கள் ஒரு பெயர் தேடினார்கள். கிடைத்த பெயர் கேரல். அவரும் அந்த முடிவு தம்முடையதே என்று சொல்லி, இளையவரான வில்சன் மீது பழி விழாமல் பார்த்துக்கொண்டார். இதையும் ரசிகர்கள் அதிகம் பேசவில்லை.

இன்னொன்று 1972 டிசம்பர் 23 நிகழ்ச்சி. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் பந்து இரண்டு வீரர்கள் மோதிய இடத்தில் பட்டுத் தெறித்தது. தரையைத் தொடும் முன் ஃபிராங்கோ ஹாரிஸ் அதைப் பற்றிக்கொண்டு ஓடிப் புள்ளியெடுத்தார். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் தோற்றது. அமல உற்பவத்தின் ஆங்கிலப் பெயரில் ஒரு சொல்லை மாற்றி 'இம்மாக்குலேட் ரிசெப்ஷன்' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். சிலேடை என்ற அளவில் கெட்டிக்காரத்தனம். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. பந்து தெறித்தது சக வீரர் மீது பட்டா, எதிரி மீது பட்டா என்பதுதான் வழக்கு. சக வீரர் மீது மட்டும் பட்டிருந்தால் அன்றைய விதிப்படி ஹாரிஸ் பிடித்தது செல்லாது. படச்சுருளை ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தும் முடிவு காணவில்லை. ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு இரண்டொரு நாள் முன்பு, 2022 டிசம்பரில், ஹாரிஸ் மறைந்தார். வழக்கு மறையவில்லை.

இனி ஹாக்கிக்கு வருவோம். என் மனம் தங்கிவிட்டது இங்கேதான்.

ஃபுட்பால் ரசிகர் ஒரு முடிவைப் பற்றி வாதிடுகிறார். ஹாக்கி ரசிகர் ஓர் ஆளைப் பற்றி வாதிடுகிறார். ஐஸ் ஹாக்கியில் பக்கத்துக்கு ஆறு பேர் பனித்தளத்தில் வழுக்கி ஓடுகிறார்கள். ரப்பர் வட்டை மட்டையால் அடிக்கிறார்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஆடிவிட்டு வெளியேற, அடுத்த குழு உள்ளே பாய்கிறது. யார் எவ்வளவு பெறுவர் என்று பிரித்துச் சொல்வது கடினம். கோல் போட்டவனை எண்ணலாம். வட்டைத் தந்தவனையும் எண்ணலாம். எதிரி கோல் போடாமல் தடுத்தவனை எப்படி எண்ணுவது? ஒரு வீரர் தளத்தில் இருக்கும்போது தம் அணி போட்ட கோலையும் வாங்கிய கோலையும் கழித்துப் பார்க்கும் ஒரு கணக்கு உண்டு. திறமையற்ற தோழர்களிடையே சிக்கிய நல்ல வீரனை அது தண்டித்துவிடும்.

இந்தத் துறையில் மிகப் பழைய வழக்கு மொரிஸ் ரிஷாருக்கும் கார்டி ஹவ்வுக்கும் இடையிலானது. இருவரும் வலப்பக்க முன்னணி வீரர்கள். இருவர் சட்டையிலும் 9ஆம் எண். ரிஷார் மாண்ட்ரியல் நகரின் பிரெஞ்சு மொழித் தொழிலாளர் குடும்பத்தில் 1921இல் பிறந்தவர்; 1942 முதல் 1960 வரை மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணிக்கு ஆடியவர். ஹவ் 1928இல் சஸ்காட்செவன் மாகாணத்தின் கிராமப்புறத்தில் பிறந்து, டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு 1946 முதல் 25 பருவங்கள் ஆடியவர். அதன் பின்னும் ஓயாமல், 1980இல் தம் 52ஆம் வயதில்தான் மட்டையைக் கீழே வைத்தார்.

எண்களை அடுக்குவோம். ரிஷார் 978 ஆட்டங்களில் 544 கோல். ஹவ் 1,767 ஆட்டங்களில் 801 கோல். 1963 நவம்பரில் ரிஷாரின் 544ஐ ஹவ் கடந்தார். கடந்தது மாண்ட்ரியல் அணிக்கு எதிராகவே. ஆண்டின் அதிகப் புள்ளிக்கான பட்டம் ஹவ்வுக்கு ஆறு முறை. ரிஷாருக்கு ஒரு முறையும் இல்லை. தலைசிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பை ஹவ்வுக்கு ஆறு, ரிஷாருக்கு ஒன்று. தீர்ப்பு வந்துவிட்டதாகத் தோன்றுகிறது அல்லவா? இப்போது ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நூறு ஆட்டங்களுக்கு ரிஷார் ஏறத்தாழ 56 கோல், ஹவ் 45. தீர்ப்பு தலைகீழாகிறது. கோலோடு, தோழருக்குத் துணைநின்ற எண்ணிக்கையையும் சேர்த்து வகுத்தால் ரிஷார் 99, ஹவ் 105. மறுபடியும் தலைகீழ். ஹவ் முதுமையிலும் ஆடினார், சராசரி குறைந்தது என்பான் ஒருவன். ரிஷார் 1944-45இல் 50 ஆட்டங்களில் 50 கோல் போட்டது போர்க்காலத்தில், நல்ல வீரர்கள் படையில் இருந்தபோது என்பான் மற்றொருவன். அப்படியானால் அதே போர்க்காலத்தில் வேறு யாரும் ஏன் போடவில்லை என்று முதலாமவன் மடக்குவான். ஐம்பது ஆட்டத்தில் ஐம்பது என்பதை மறுபடி ஒருவர் எட்ட 1980-81 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதும் மெய்.

எண் பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. இந்த வழக்கில் மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஆட்டத்தின் எல்லாப் பகுதிகளிலும் நிறைவாக ஆடியவர் யார் என்று கேட்டால் ஹவ் என்பேன். எதிரணியினரும் அதையே சொன்னார்கள். ஒரு கோல் போட்டே தீர வேண்டிய நிமிடத்தில் யாரை அனுப்புவாய் என்று கேட்டால் ரிஷாரை ஒதுக்க முடியாது. மூன்றாவது கேள்வியை ரசிகர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. 'அவர் யாருடையவர்?' என்பதே அது.

அன்றைய கியூபெக்கில் மக்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர். ஆலைகளும் வங்கிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் வசம். தொழிலாளி பிரெஞ்சு, மேலாளர் ஆங்கிலம் என்பது எழுதப்படாத விதி. பனித்தளத்தில் மட்டும், தங்களுள் ஒருவன் யாருக்கும் வழிவிடாமல் பாய்ந்தான். 1955 மார்ச் 13 அன்று பாஸ்டன் நகரில் எதிரணி வீரரின் மட்டை தலையில் பட்டுக் காயமுற்ற ரிஷார், அவரைத் திருப்பித் தாக்கினார். தடுக்க வந்த ஆட்ட அதிகாரியையும் குத்தினார். அதே பருவத்தில் முன்பும் ஓர் அதிகாரி மீது கைவைத்து அபராதம் கட்டியவர். லீக்கின் தலைவர் கிளாரன்ஸ் கேம்ப்பெல், பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களிலிருந்தும் கோப்பைப் போட்டிகளிலிருந்தும் அவரை விலக்கினார். நான் அறிந்தவரை அத்தண்டனை அநியாயமானதன்று. கேம்ப்பெல் ஆங்கிலேய மரபினர் என்பதால் மட்டும் அது அநியாயமாகிவிடாது. ஆயினும் தலைமுறைகளாகத் தலைகுனிந்து நின்ற மக்கள் அதை ஓர் ஆட்டக்காரனுக்கான தண்டனையாகப் பார்க்கவில்லை என்பதையும் மறுக்க இயலாது.

மார்ச் 17 அன்று மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கில் ஆட்டம். எதிரணி, ஹவ் ஆடிய அதே டெட்ராய்ட். கேம்ப்பெல் வந்து அமர்ந்தார். முட்டையும் தக்காளியும் அவர் மீது பறந்தன. கண்ணீர்ப் புகைக் குண்டு வெடித்தது. 4-1 என்று முன்னணியில் இருந்த டெட்ராய்ட் வென்றதாக அறிவித்து ஆட்டத்தை முடித்தார்கள். கூட்டம் சேன்ட் கேத்தரின் தெருவில் இறங்கிக் கடைகளை உடைத்தது. மறுநாள் ரிஷாரே வானொலியில் பேசித் தம் மக்களை அமைதிப்படுத்தினார். தண்டனையை ஏற்றுக்கொள்வதாகவும் அடுத்த ஆண்டு திரும்பி வருவதாகவும் சொன்னார்.

அந்தக் கலவரத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதற்கடுத்த நாள்களில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே என்னை அதிகம் வருத்தியது. தண்டனை விழுந்தபோது அதிகப் புள்ளிக்கான பட்டியலில் ரிஷார் முதலிடம். அவருக்கு ஒருபோதும் வாய்க்காத பட்டம் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. அதே அணியில், அதே பிரெஞ்சு இனத்தவரான பெர்னார் ஜெஃப்ரியோன் எஞ்சிய ஆட்டங்களில் கோல் போட்டு, 75க்கு 74 என்று ஒரே ஒரு புள்ளியில் அவரைக் கடந்துவிட்டார். சொந்த ஊர், சொந்த அரங்கு, சொந்த ரசிகர்கள் அவரைக் கூவிப் பழித்தார்கள். அவர் செய்த குற்றம், தம் அணிக்காகக் கோல் போட்டது! ரசிகன் வைத்த மதிப்பின் இருண்ட பக்கம் இங்கே தெரிகிறது. ஒருவனை அளவின்றி உயர்த்தும் அன்பு, பக்கத்தில் நிற்பவன் தன் கடமையைச் செய்ததற்காகவே அவனை மிதிக்கவும் துணிகிறது. இதே ஜெஃப்ரியோன்தான் 1960-61இல், ரிஷாருக்குப் பின் ஒரு பருவத்தில் ஐம்பது கோலைத் தொட்ட முதல் வீரரானார் என்பதை அந்த ஊர் பின்னர் பெருமையோடு சொல்லிக்கொண்டது.

இந்த வழக்கை இலக்கியமாக்கியவர் ரோக் காரியே. 1979இல் வந்த அவருடைய 'ஹாக்கி ஸ்வெட்டர்' ஒரு சிறுகதைதான். படித்து முடிக்கக் கால் மணிநேரம் போதும். சேன்ட்-ஜுஸ்தீன் என்ற சிற்றூர். பள்ளி, கோவில், பனித்தளம் ஆகிய மூன்றே உலகம். எல்லாச் சிறுவரும் ரிஷாரின் 9ஆம் எண் சட்டையே அணிகிறார்கள். ஒருவனுடைய சட்டை கிழிந்துபோக, ஆங்கிலப் படிவம் நிரப்ப விரும்பாத தாய் ஈட்டன் கடைக்குக் கடிதம் எழுதிப் பணம் அனுப்புகிறாள். வருவதோ பகையணியான டொரான்டோவின் நீலச் சட்டை. திருப்பி அனுப்பினால் கடைக்காரர் மனம் வருந்துவார் என்று தாய் அதையே அணிவிக்கிறாள். களத்தில் அவனுக்கு இடமில்லை. ஆத்திரத்தில் மட்டையை உடைக்கிறான். நடுவராக நிற்கும் இளம் குருவானவர் அவனைக் கோவிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். அவன் போகிறான், பூச்சிகளை அனுப்பி இந்தச் சட்டையை அரித்துவிடும்படி ஆண்டவரை வேண்டுகிறான்.

சிரிக்க வைக்கும் கதை. கனடாவின் ஐந்து டாலர் தாளில்கூட இதன் வரிகள் சில காலம் அச்சாகியிருந்தன. மொழிப் பகைமையைக் கேலி செய்யும் கதை என்றே பலர் இதைப் படிக்கிறார்கள். அதோடு நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சிறுவர்கள் ரிஷாரின் மதிப்பைப் பற்றி வாதிடுவதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் 9ஆம் எண், எல்லோரும் ரிஷார், வழக்கிட எதிர்க்கட்சி இல்லை. வேறு சட்டையோடு ஒருவன் வந்தவுடன், நேற்றுவரை தோழனாக இருந்தவனுக்கு இடமில்லாமல் போகிறது. ஜெஃப்ரியோனைப் பழித்த கூட்டம் சிறுவர் உருவில் இங்கே நிற்கிறது. காரியே அதைக் கண்டிக்கவில்லை. அந்த ஊரை அவர் நேசிக்கிறார். நேசித்துக்கொண்டே காட்டிவிடுகிறார். இந்தக் கதையைப் படித்த பின் என் தம்பி மகனும் மைத்துனனும் ஓயாது சண்டையிடுவது எனக்கு ஆறுதலாகவே பட்டது. வாதிட எதிரில் ஒருவன் இருக்கிறான். அவன் சொல்வதைக் கேட்டுத் தாளில் கணக்கும் போட வேண்டியிருக்கிறது.

ரிஷார் 2000 மே மாதத்தில் காலமானார். மாண்ட்ரியல் நோட்ர டேம் பேராலயத்தில் அரசு மரியாதையுடன் அடக்கத் திருப்பலி நடந்தது. ஹவ் 2016 வரை வாழ்ந்தார். ஹவ்வின் 801ஐயும் பிறர் கடந்துவிட்டார்கள். 894 கோலோடு முதலிடத்தில் இருந்த வெய்ன் கிரெட்ஸ்கியையும் 2025 ஏப்ரலில் அலெக்சாந்தர் ஓவெச்கின் கடந்தார். பட்டியலில் ரிஷாரின் பெயரைக் காண இப்போது வெகுதூரம் கீழே இறங்க வேண்டும்.

1996 மார்ச் 11 அன்று பழைய ஃபோரம் அரங்கை மூடினார்கள். கடைசி ஆட்டம் முடிந்ததும் பழைய வீரர்களை ஒவ்வொருவராக அழைத்தார்கள். ரிஷார் முன்னே வந்தபோது அரங்கம் எழுந்து நின்றது. அவர் ஆட்டத்தை நிறுத்தி 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. கைதட்டியவர்களுள் பலர் அவர் ஆடியதைக் கண்டிராதவர்கள். போதும் என்று அவர் கையை உயர்த்தினார், ஒலி கூடியது. மறுபடி உயர்த்தினார், மறுபடி கூடியது. பல நிமிடங்கள் அப்படியே சென்றன. முதியவரின் கண்கள் நிறைந்தன. அந்த ஒளிப்படத்தை டொரான்டோ வீட்டில் எனக்குப் போட்டுக் காட்டியவன் மைத்துனன், கணக்குக் கட்சிக்காரன். படம் ஓடி முடியும்வரை அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. பிறகு எழுந்துபோய்த் தேநீர் கொண்டுவந்தான்.